இரண்டாம் பாகத்தில் அண்ணனுக்குப் பசித்தது

நம் வயதுக்காரர்களுக்கெல்லாம் காதோரம் நரைத்துவிட்டது. பிள்ளைகள் கூடத்துப் பெரிய திரையில் வாளைச் சுழற்றிக்கொண்டிருக்க, பின்னால் நின்று “எங்க காலத்துல இதெல்லாம் ஏது?” என்று நீங்கள் பெருமூச்சு விடுவதைப் பார்க்கிறேன். யாரிடம் கதை விடுகிறீர்கள்? நம் காலத்திலும் இருந்தது. திண்டிவனத்திலேயே இருந்தது. கரண்ட் இருக்கிற நேரத்தில் மட்டும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மந்திரம், பூதம், பாழடைந்த கோட்டை என்று வரும் இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் நாமே ஒரு ஆளாக உள்ளே போய்ப் பிழைக்க வேண்டும். அதில் இரண்டாம் பாகம் என்று ஒன்று வந்தால் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதல் பாகத்தில் இருந்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவருவார்கள், கொஞ்சம் பெரிதாக்கி. முதலில் சும்மா படமாக இருந்த கிணற்றுக்குள் இப்போது இறங்கலாம். பூட்டியே கிடந்த கதவு திறக்கும். ஊமையாக நின்றவன் வாய் திறந்து பேசுவான். பழையது திரும்பி வருவதில்தான் ஆடுகிறவர்களுக்குச் சந்தோஷமே. எனக்கு மட்டும் அதில் இன்றைக்கும் ஒரு பயம் இருக்கிறது. இரண்டாயிரத்தைத் தாண்டிய புதிதில், ஒரு கோடை விடுமுறையில் வந்த பயம் அது.

முதலில் கம்ப்யூட்டர் வந்த கதை. சித்தப்பா விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். புதுசு வாங்கியபோது பழையதில் ஒன்றை எங்கள் வீட்டுக்குத் தள்ளிவிட்டார். வெள்ளையாகப் பிறந்து பழுப்பாகிப்போன பெட்டி. ஆன் செய்தால் மாவு மெஷின் மாதிரி இரையும். அம்மா அதற்கு ஒரு துணி உறை தைத்து, ஓரத்தில் லேஸ் வைத்தாள். கோயிலில் பீடத்துக்கு விரிக்கிற துணி போலவே இருந்தது. “பூசை வெக்கப் போறியாம்மா?” என்று அண்ணன் கிண்டல் செய்தான். அந்த உறை இப்போது எங்கே போனதோ தெரியவில்லை.

அண்ணன் அப்போது பத்தாவது. நான் ஆறாவது. விளையாட்டு சிடியைக் கொடுத்தது அண்ணனோடு படித்த கோட்டக்குப்பத்துப் பையன். அவனுடைய வாப்பா துபாயில் இருந்தார், லீவுக்கு வரும்போது சென்ட்டு, டார்ச் லைட்டோடு இந்த மாதிரி சிடிகளும் வரும். அண்ணன் வாள்வீரன். நான் மூலிகை வைத்துக் காயம் ஆற்றுகிற மருத்துவச்சி. ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து மாற்றி மாற்றி ஆடுவோம். வாள்வீரனுக்கு அண்ணன் தன் பெயரையே இங்கிலீஷில் அடித்து வைத்திருந்தான். வருகிற வசனங்களை எனக்குத் தமிழில் சொல்வான். தெரியாத இடத்தில் தானே இட்டுக்கட்டுவான், அதுதான் நன்றாகவும் இருக்கும்.

மலைமேல் ஒரு கோட்டை வரும். “செஞ்சியப் பாத்துட்டுத்தான் வரைஞ்சிருக்கானுங்க” என்று அண்ணன் சத்தியமே செய்தான். கோட்டை வாசலில் ஒரு சொறிநாய். அதற்கு ரொட்டி போட்டால் ஒரு பயனும் கிடையாது, வாலை மட்டும் ஆட்டும். அண்ணன் எங்களிடம் இருந்த ரொட்டியையெல்லாம் அதற்கே போட்டுத் தீர்ப்பான். நான் கத்துவேன். “நாயி பாவம் பாப்பா. நீ சேவ் பண்ணு, கரண்ட் போயிடும்” என்பான். எப்போதும் இதேதான், சேவ் பண்ணு, சேவ் பண்ணு. நாங்கள் நடந்த வழி, கொடுத்த மருந்து, நாய்க்குப் போட்ட ரொட்டி எல்லாம் அந்தப் பெட்டிக்குள் சேர்ந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன். விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் படுத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். இறங்கவில்லை. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைத் துணி சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, வாசலிலேயே நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “சொன்னா எழுந்து ஓடியாருவா. தையல் பிரிஞ்சிடும். அப்பறம் அவளயும் சேத்து தூக்கினு போவ வேண்டியதுதான்.” அப்பா தலையை ஆட்டினார். அன்றைக்கு அங்கே நின்ற பெரியவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இன்றைக்கு எனக்கு அவர்கள் வயது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள் என்று புரிகிறது. புரிந்தாலும் ஆறவில்லை.

கல்லறையில் பங்குச் சாமியார் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராகக் குனிந்து பிடி மண் போட்டோம். எங்கள் ஆட்களில் அது கட்டாயம். நானும் போட்டேன். மழையில் நனைந்த மண் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றது. அந்த நேரத்தில் அம்மா விழுப்புரத்தில் கட்டிலில் சாய்ந்தபடி, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்பிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்கள். அம்மா அழவில்லை. கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். பூசிய சிமெண்ட்டை நின்று பார்த்தாள். “இதுக்குள்ள அவன் இருக்கறான்னு நீங்க சொல்றீங்க. நான் பாக்கல” என்று மட்டும் சொன்னாள். அப்புறம் பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. எனக்கு ஆக்கிப் போடுவாள், தனக்குத் தட்டு எடுக்கமாட்டாள். அத்தை வந்து ஊட்டிப் பார்த்தாள், அம்மா வாயிலேயே வைத்திருந்து பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தாள். எலும்பும் தோலுமாக ஆனாள். எங்கே அம்மாவும் போய்விடுவாளோ என்று நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நடுங்கியிருக்கிறேன்.

அப்பா வீட்டில் ஒரு சட்டம் போட்டார். அம்மா எதிரில் யாரும் அழக்கூடாது, அவன் பெயரை எடுக்கக்கூடாது. அவன் போட்டோவும் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் போய்விட்டது.

முழுப்பரீட்சை முடிந்த சமயம் கோட்டக்குப்பத்துப் பையன் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றான். ஒரு சிடி கொடுத்தான்.

“ரெண்டாம் பாகம் பாப்பா. வந்தா குடுக்கச் சொல்லி உங்க அண்ணன் கேட்டுக்கினே இருந்தான். வாப்பா இப்பதான் கொண்டாந்தாரு.”

போகிறவன் திரும்பி நின்றான். “நான் முடிச்சிட்டேன். கடைசில ஒரு பாலம் வரும். அதத் தாண்டாத. தாண்டினா வாள்வீரன் செத்துடுவான். நீ என்னா பண்ணாலும் சாவான், கதையே அப்பிடி. பாலத்துக்கு இந்தாண்டயே சுத்திக்கினு இரு.”

அப்பா விழுப்புரத்தில் நெல் மண்டிக்குப் போய்விட்ட ஒரு மத்தியானம், உறையை எடுத்துவிட்டு சிடியைப் போட்டேன். முதல் கேள்வியே அதுதான் கேட்டது. பழைய ஆட்களைக் கூட்டி வரட்டுமா? பெட்டி தன் வயிற்றுக்குள் தேடிப் பார்த்துவிட்டு இரண்டு பெயர்களை எழுதியது. மேலே அண்ணன் பெயர்.

இரண்டாம் பாகத்தில் ஒருவரைத்தான் நாம் நடத்த முடியும். நான் மருத்துவச்சியை எடுத்தேன். வாள்வீரன் தானாகவே என் பின்னால் வந்தான். நான் நின்றால் நின்றான். முதல் பாகத்தில் அண்ணன் கை அசைத்தால்தான் அவன் அசைவான். இப்போது யாரும் அசைக்காமல் நடந்தான். நான் நாற்காலியைத் திருப்பி அறையைப் பார்த்தேன். கட்டில், கொடி, கொடியில் துணி. யாரும் இல்லை. திரும்பினால் திரையில் அவன் பேசியிருந்தான். அகராதியை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ‘கிணற்றடியில் உன் கடைசி மருந்தை எனக்குக் கொடுத்தாய். நான் மறக்கவில்லை.’

கொடுத்தேன்தான். நானும் அண்ணனும் மட்டுமே அறிந்த சங்கதி அது.

கோட்டையும் வந்தது. முன்பு மதில் மட்டும்தான், இப்போது உள்ளே தெரு, சந்தை, தூங்குகிறவர்கள். வாசலில் அதே நாய், கிழடாகி. என்னைத் தாண்டி ஓடி அவன் காலைச் சுற்றியது. எத்தனை ரொட்டி போட்டான் என்று பார்த்துத்தான் அது அப்படிச் செய்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் எழுந்து ஓடவும் இல்லை. அண்ணன் வந்திருக்கிறான், நான் ஏன் ஓட வேண்டும்?

அம்மா துணி எடுக்க அறைக்குள் வந்தவள் என் பின்னால் நின்றுவிட்டாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தப் பெயரின் எழுத்துகள் தெரியும், ராங்க் கார்டில் பார்த்துப் பார்த்து.

“இது புள்ள பேரு தான?”

பெயருக்குப் பக்கத்தில் ஒரு முகம். மஞ்சள் முடி, தாடி. அப்பாவின் சட்டம் ஞாபகம் வந்து நான் அணைக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தை நெருங்கிப் பார்த்தாள்.

“தாடி வெச்சிக்கினு இருக்கறானே” என்றாள். பிறகு, “ஆமா, இந்நேரம் வந்திருக்கும். தலைக்கு எண்ணெ வெக்கறதில்ல, எப்பிடி செம்பட்டையாயிடுச்சு பாரு” என்றாள்.

 நான் பெட்டியை அணைக்கவில்லை.

“அது என்னா, தட்டு காலியா மின்னுது?”

“பசிச்சா அப்பிடிக் காட்டும்மா. இந்தப் பாகத்துல புதுசா வெச்சிருக்கானுங்க. முன்ன பசியே கெடையாது.”

“பசியோடயா நிக்க வெச்சிக்கினு இருக்கற இவ்ளோ நேரம்? போடுடி எதனா!”

சந்தையில் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். தட்டு நிறைந்தது. அம்மா சமையலறைக்குப் போனாள். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கேப்பைக் களியும், கடலையை வறுத்து அரைத்த மல்லாட்டைத் துவையலுமாக உட்கார்ந்து, யாரும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மத்தியானம் அப்பா இல்லாத நேரம் அம்மா என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவாள். அவனுக்குப் போட்டால் தானும் சாப்பிடுவாள். கரண்ட் இல்லாத நாளில் அவளும் பட்டினி. “வெறும் ரொட்டியே போடறியே, கொழம்பு கெடைக்காதா அங்க?” என்பாள். அவன் இருமினால் போர்த்தச் சொல்வாள். மழை பெய்தால் கூரைக்கடியில் நிறுத்தச் சொல்வாள். அம்மாவுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. பாலத்தின் பக்கமே போகாமல் நான் கோட்டையையே சுற்றிச் சுற்றி வந்தேன். கோட்டக்குப்பத்துப் பையன் சொன்னதைக் கேட்டு நடந்தால் அண்ணனும் இருப்பான், அம்மாவும் இருப்பாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

அத்தை ஒரு நாள் பின்வாசல் வழியாக வந்து பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், ஊரைக் கூட்டிவிட்டாள். “பொட்டிக்குள்ள பூந்துக்கினு கூப்புடறான்! தாயும் மவளும் உக்காந்து சோறு ஊட்டிக்கினு கெடக்கறாளுங்க!” அப்பா தலையில் கை வைத்தார். கோயில் உபதேசியாரைக் கூப்பிட்டு வந்தார்கள். சாமியார் இல்லாத வேளையில் ஜெபம் சொல்லிக்கொடுத்து, சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருகிற மனிதர் அவர். கம்ப்யூட்டரை அதற்கு முன் தொட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். சாம்பல் நிற வானம், எங்கே போவதென்று தெரியாமல் நடக்கிற ஜனங்கள், நடுவில் வாள்வீரன், காலி தட்டு.

அம்மா கேட்டாள், “ஐயா, இது உத்தரிக்கிற ஸ்தலந்தானுங்களே? மேலயும் போவாம, இங்கயும் இல்லாம?”

உத்தரிக்கிற ஸ்தலம் என்றால் தெரியும் உங்களுக்கு. மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமாக்கள் காத்துக் கிடக்கிற இடம். நாம் இங்கே ஜெபித்தால் அவர்கள் அங்கே கரையேறுவார்கள்.

உபதேசியார் அப்பாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். எலும்பாக இருந்து தேறிய அம்மாவைப் பார்த்தார். நல்ல மனிதர், அம்மாவின் மனசை உடைக்கத் தெரியவில்லை. “அப்பிடியும் வெச்சிக்கலாம்மா” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்காமலே போய்விட்டார். எங்கள் வீட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ யோசித்துச் சொன்னார்கள், எதுவும் எடுபடவில்லை. யோசிக்காமல் அவர் சொன்ன இந்த ஒன்று அம்மாவுக்குள் இறங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து அம்மா வேறு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். “அந்தப் பாலத்துக்கு அந்தாண்ட என்னா இருக்குது? வெளிச்சமா தெரியுதே.”

“ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லன்னா ஏன் அது கிட்ட வந்ததும் திருப்பிக்கினு வர்ற?”

நான் மருத்துவச்சியைக் கோட்டைப் பக்கம் திருப்பினேன். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தூங்கும்போது மூச்சு விடுகிற சத்தம் வரும், அதுவும் இரண்டாம் பாகத்தில் சேர்த்ததுதான். மாவு மெஷின் இரைச்சலுக்கு நடுவே அந்த மூச்சு. கரண்ட் போன பிறகும் அது எனக்குக் கேட்டிருக்கிறது. பெரியவளாகி வேறு ஊர்களில் வாழ்ந்தபோதும் கேட்டிருக்கிறது.

அப்பா பெட்டியைச் சித்தப்பாவிடமே திருப்பிக் கொடுப்பதென்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்தப்பா வேன் கொண்டுவருவார். “இந்தப் பேஜாரே வாணாம். எடுத்தாதான் இவ தெளிவா” என்றார். அவர் கணக்கு அப்படி. பெண்டாட்டி சாப்பிட ஆரம்பித்ததே அதனால்தான் என்று அவருக்குப் பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன், சின்னப் பிள்ளை வாயை மூடு என்றார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா தலைக்குக் குளித்து, வெள்ளையில் நீலக்கரை போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“பாலத்தத் தாண்டிவுடு” என்றாள்.

“மாட்டேன்.”

“ஏன்?”

எனக்கு அழுகை முட்டியது. “தாண்டினா செத்துடுவாம்மா. அந்தக் கோட்டக்குப்பத்து அண்ணன் சொன்னாரு. என்னா பண்ணாலும் சாவான். நீ மறுபடியும் சாப்புடாம இருப்ப.”

அம்மா அதைக் கேட்டுப் பதறவில்லை. என் தலையைக் கோதினாள். “நாளைக்குப் பொட்டியத் தூக்கினு போயிடுவாங்க. அப்பறம் அவனுக்கு யாரு சோறு போடுவா? தட்டு மின்னிக்கினே இருக்கும், யாரும் பாக்க மாட்டாங்க. அவன அப்பிடி வுட்டுட்டுப் போவச் சொல்றியா?”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினேன். 

“மொதல்ல வயிறு ரொம்பப் போடு” என்றாள் அம்மா. இருந்ததையெல்லாம் போட்டேன். ரொட்டி, பழம், சுட்ட மீன். தட்டு நிறைந்த பிறகும் போடச் சொன்னாள். அவன் வழக்கம்போல் பின்னால் வந்தான். பாலத்தில் கால் வைத்ததும் என்னை முந்திக்கொண்டு நடந்தான். அதுவரை ஒரு முறையும் அவன் எனக்கு முன்னால் நடந்ததில்லை. அந்தப் பக்கத்து வெளிச்சத்திலிருந்து ஒரு பெரிய உருவம் வந்து அவனை வெட்டியது. என்னிடம் இருந்த மருந்தையெல்லாம் அவன்மேல் கொட்டினேன். ஒன்றும் ஏறவில்லை. விழுந்தான்.

முதல் பாகத்தில் விழுந்தவர்கள் நீர்க்குமிழி போல மறைந்துவிடுவார்கள். அடுத்த நொடி அந்த இடத்தில் தரைதான் இருக்கும். அப்படித்தான் ஆகும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“முகம் தெளிவாத்தான் இருக்குது” என்றாள் அம்மா.

கண்ணைத் திறந்தேன். அவன் மறையவில்லை. திரை முழுக்க அவன் முகம், கண் மூடியபடி. இந்தப் பாகத்தில் இறந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது என்பதைக் கோட்டக்குப்பத்துப் பையன் எனக்குச் சொல்லவில்லை. கீழே எழுத்து வந்தது, அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். போர்த்தவா? போர்த்தினேன். குழி வெட்டவா? வெட்டினேன். பிறகு அம்புக்குறி ஒரு கையாக மாறியது. கை நிறைய மண்.

அம்மா அதைப் பார்த்தாள். “நான் போடறேன், நகரு.”

அம்மா அதுவரை மவுஸைத் தொட்டதில்லை. சுடுகிற பாத்திரத்தைத் தொடுவது போல விரல் நுனியால் தொட்டாள். நான் அவள் விரலை எடுத்து வைக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அழுத்தினாள். மண் விழுகிற சத்தம் கேட்டது. மறுபடி அழுத்தினாள். ஒரு பிடி போதும் என்று திரை சொன்னது, மேடு நிறைந்துவிட்டது. அம்மா விடவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தாள். அழுத்த அழுத்த அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் எனக்கு அது பெட்டியின் இரைச்சல் என்று தோன்றியது. பிறகுதான் அம்மா அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது. மாரில் அடித்துக்கொண்டு, தலை அவிழ்ந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமலே அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்பா தெருமுனையிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். செருப்போடு உள்ளே ஓடிவந்தார். அறை வாசலில் நின்று, திரையில் இருந்த மண்மேட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் போட்ட சட்டத்தை எடுத்துச் சொல்லி அதட்டப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

அம்மா அழுகையை நிறுத்தாமலே அவரிடம் சொன்னாள்.

“புள்ளைக்கு நானும் மண்ணு போட்டுட்டேங்க.”

அப்பா அங்கேயே, வாசற்படியில், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.